மாடு படுத்தபின் வைத்தியரைத் தேடலாமா?

உழவுத்தொழில் நடத்துவோர் விதைநெல் வாங்கும்போது அதன் முளைப்பைச் சோதிக்கின்றனர். எரு வாங்கும்போது அதன் தரத்தை விசாரிக்கின்றனர். கறவைப் பசு வாங்கும்போது பல்லையும் மடியையும் சுழியையும் பார்த்து, இருவேளைப் பாலையும் கறந்து பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்கின்றனர். இவ்வளவு முன்யோசனையுள்ள குடியானவர்களுள், அப்பசுவுக்கு நோய் கண்டால் எந்த வைத்தியரை அழைப்பது என்பதை முன்னதாகவே விசாரித்து நிச்சயித்து வைத்திருப்போர் மிகச் சிலரே. மாடு படுத்துவிட்ட பின்னர், நடுநிசியில் அக்கம்பக்கத்தாரை எழுப்பி, அவர்கள் வாயில் எவர் பெயர் முதலில் வருகிறதோ அவரையே அழைத்து வருவது வழக்கமாயிருக்கிறது. இவ்வழக்கத்தால் நேரும் நஷ்டம் நோயினால் நேரும் நஷ்டத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

இவ்விஷயம் சென்னைக்குத் தெற்கேயுள்ள தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் முதலிய ஊர்கள் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தை நம்பியிருந்தவை. இன்று அவற்றின் வயல்களில் வீடுகள் நெருங்கிவிட்டன. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம் முதலிய நகராட்சிகளும் சில பேரூராட்சிகளும் ஒன்றுசேர்க்கப்பட்டு, தாம்பரம் மாநகராட்சி ஏற்பட்டது. மேய்ச்சல் தரை குறைந்தது. ஆயினும் மாடு அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஒரு வீட்டில் இரண்டு, மற்றொரு வீட்டில் நான்கு என்று, சந்துக் கொட்டில்களிலும் தோப்பு மூலைகளிலும் பசுக்கள் இன்னும் கட்டப்பட்டுள்ளன. தெற்கே அகரம்தென், முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கங்களில் நிலமும் மாடும் சேர்த்து வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. நாய் வளர்ப்போர் தொகையோ வெகுவாகப் பெருகியிருக்கிறது.

அருகிலுள்ள பலகையும் தகுந்த வைத்தியரும்

இவ்வூர்களின் பெருந்தெருக்களில் பிராணி வைத்தியசாலை என்னும் பலகைகளுக்குக் குறைவில்லை. அவற்றுட் பல நாய், பூனை முதலிய வளர்ப்புப் பிராணிகளின் பொருட்டு ஏற்பட்டவை. அங்குள்ள வைத்தியர்கள் முறைப்படி கற்றுப் பட்டம் பெற்றவர்களே. கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் மாடு, ஆடு, குதிரை, நாய், கோழி ஆகிய யாவற்றின் வைத்தியமும் கற்பிக்கப்படுகிறது. எனினும் படிப்பு வேறு, கைப்பழக்கம் வேறு. நாள்தோறும் மேஜையின்மேல் நாய்க்குட்டியை நிறுத்திப் பரீட்சிப்பவரிடம், கன்று குறுக்கே கிடக்கும் பசுவின் கருப்பையில் தோள் வரை கைவிட்டுத் திருப்பும் பழக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. அவ்வாறே கொட்டில் வைத்தியத்தில் கீர்த்தி பெற்றவரிடம் பூனையின் சிறுநீரக வியாதிக்குரிய நுட்பமான சோதனைச் சாதனங்கள் இராமலிருக்கலாம்.

ஆகவே, வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பது மட்டும் ஒரு வைத்தியசாலையைத் தேர்ந்துகொள்ளப் போதுமான காரணமன்று. எந்தப் பிராணிக்காக வைத்தியர் வேண்டுமோ அந்தப் பிராணியை அவர் வாரந்தோறும் பார்க்கிறாரா என்பதே முதற் கேள்வி. கொட்டிலுக்கு நேரில் வருவாரா என்பது இரண்டாவது. நாயைக் கையிலெடுத்துக்கொண்டு போகலாம். எழுந்திருக்க முடியாத பசுவை எங்கே எடுத்துச் செல்வது?

பதிவு பெற்றவரும் பையுடன் வருபவரும்

மிருகவைத்திய சாஸ்திரம் இப்பக்கத்துக்குப் புதியதன்று. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையிலுள்ள டாபின் ஹால் என்னும் கட்டடத்தில் இருபது மாணாக்கர்களுடன் தொடங்கப்பட்டு, பின்னர் வேப்பேரிக்கு மாறியது. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது அக்கல்லூரி அதன் அங்கமாயிற்று. இவ்வாறு நூறாண்டுக்கு மேலாகப் பயிற்சி பெற்ற வைத்தியர்கள் வெளிவந்துகொண்டிருக்கும் நகரத்தின் வாயிலிலேயே, எவ்விதப் பயிற்சியும் இல்லாமல் பையில் ஊசியும் நாலைந்து மருந்துக் குப்பிகளும் வைத்துக்கொண்டு கொட்டில் கொட்டிலாகச் செல்வோரும் இருக்கின்றனர் என்பது வருந்தத்தக்கது.

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே இவ்வைத்தியத்தைத் தொழிலாகச் செய்யலாம். மாநில அரசு உத்தரவினால் அனுமதித்துள்ள சில சிறு பணிகளை, பதிவு பெற்ற மருத்துவர் ஒருவருடைய மேற்பார்வையிலும் கட்டளையிலும் மற்றவர் செய்யலாம். அதற்குமேல் செய்ய அவருக்கு அதிகாரமில்லை. கால்நடைகளைக் குறித்த அத்தாட்சிப் பத்திரத்தில் கையொப்பமிடும் உரிமையும் பதிவு பெற்றவருக்கே உரியது. மாட்டை இன்ஷூர் செய்யும்போதும், மாடு இறந்து இழப்பீடு கோரும்போதும் இந்த அத்தாட்சி இன்றியமையாதது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேலும் விலைபெறும் கலப்பினப் பசுவை இழந்தவர், காதுவில்லையும் வைத்தியர் அத்தாட்சியும் இல்லாமல் இன்ஷூரன்ஸ் ஆபீசின் வாயிலில் நிற்பதைக் காட்டிலும் பரிதாபமானது வேறில்லை.

இங்கே குடியானவர்கள் தரப்பில் கூறப்படும் ஆட்சேபத்தையும் நேர்மையுடன் கவனிக்க வேண்டும். “அரசாங்க வைத்தியருக்குப் பல ஊர்கள், அழைத்த வேளையில் வர முடிவதில்லை. பட்டம் பெற்ற தனியார் வைத்தியர் கேட்கும் பணம் அதிகம். ஊரிலுள்ள மனிதரோ இரவு பன்னிரண்டு மணிக்கும் வருகிறார், கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார்” என்பது அவர்கள் வாதம். இதில் உண்மையில்லை என்று தள்ளிவிட முடியாது. விரைவில் வருதல் ஒரு பெரிய குணமே. ஆயினும் விரைவில் வந்து தவறான மருந்தைக் கொடுப்பவரால் மாடு விரைவில் மாளும் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம் போதும். அதிகப் பால் கறக்கும் பசு கன்று ஈன்ற மூன்று தினங்களுக்குள் நிற்க முடியாமல் படுத்து, தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, காதுகள் சில்லிட்டுக் கிடக்குமாயின், அது பெரும்பாலும் பால் காய்ச்சல் எனப்படும் நோயாயிருக்கும். பெயரில் காய்ச்சல் என்றிருப்பினும் இதில் உடற்சூடு ஏறுவதில்லை, குறையவே செய்யும். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரெனக் குறைந்துபோவதே இதன் காரணம். பெயரைக் கேட்டவுடன் காய்ச்சல் ஊசி போடுபவர் காலத்தை வீணாக்குகிறார். கால்சியம் மருந்தை இரத்தக்குழாயில் மெதுவாகச் செலுத்தினால் பசு சிறிது நேரத்தில் எழுந்து நிற்பதுண்டு; அதே மருந்தை அவசரமாகச் செலுத்தினால் இருதயம் நின்று பசு அவ்விடத்திலேயே இறக்கவும் கூடும். மருந்து ஒன்றே, கையறிந்தவருக்கும் அறியாதவருக்கும் உள்ள வித்தியாசம் ஓர் உயிர்.

பையிலுள்ள குப்பியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். வலி நீக்கும் டைக்ளோஃபினாக் என்னும் மருந்து கால்நடைக்கு உபயோகிக்கப்படலாகாது என்று 2006-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. அம்மருந்து போடப்பட்ட மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக மாண்டதே காரணம். தடைக்குப் பின்னரும், மனிதருக்கென விற்கப்பட்ட பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்ச் சேர்ந்தமையால், 2015-இல் அக்குப்பிகளின் அளவு ஒரு வேளை மருந்தளவாகக் குறைக்கப்பட்டது. 2023-இல் அசெக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ஆகிய இரண்டும் கால்நடைக்குத் தடுக்கப்பட்டன. இவற்றை அறிந்திருப்பதும், கொடுத்த மருந்தின் பெயரையும் அளவையும் சீட்டில் எழுதிக் கொடுப்பதும், மடிநோய்க்கு மருந்திட்ட பசுவின் பாலை எத்தனை நாள் விற்கலாகாது என்று சொல்வதும் நல்ல வைத்தியரின் அடையாளங்கள். சீட்டு எழுத மறுப்பவரை மறுமுறை அழைப்பது புத்திசாலித்தனமன்று.

பட்டணத்து மாட்டின் வயிறு

மேய்ச்சல் இழந்த மாட்டுக்குப் பட்டணம் புதிய நோய்களைத் தந்திருக்கிறது. கல்யாண மண்டபங்களிலும் ஹோட்டல்களிலும் மீந்த சோற்றைக் கூடைகூடையாகக் கொண்டுவந்து மாட்டுக்கு வைப்பதைப் பலர் உபகாரமென்று எண்ணுகின்றனர். அளவுக்கு மிஞ்சிய சோறு முதல் இரைப்பையில் புளித்து அமிலமாகிறது. மாடு தீனியை மறுத்து, தள்ளாடி, கழிந்து, படுத்துவிடுகிறது. தக்க சிகிச்சை இல்லாவிடில் ஓரிரு நாட்களில் இறந்துபோகிறது. வயிற்று உப்புசமோ இன்னும் விரைவானது. இடப்பக்க வயிறு பறைபோல் எழும்பி மூச்சை அடைத்து, சில மணி நேரத்தில் உயிரை வாங்கிவிடும். இந்நிலையில் மாட்டின் தலையை உயர்த்திப் பிடித்து எண்ணெயையோ கஷாயத்தையோ பலவந்தமாகப் புகட்டுவதால், அது நுரையீரலுக்குள் இறங்கி வேறொரு நோயையும் உண்டாக்குவதுண்டு.

தெருவில் அலையும் மாடு தின்னும் பிளாஸ்டிக் பைகளின் கேடு யாவரும் அறிந்ததே. எனினும் அதன் அளவு பலருக்குத் தெரியாது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், திருமுல்லைவாயிலிலிருந்து வேப்பேரிக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பசுவின் வயிற்றைத் திறந்து, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ரணசிகிச்சை செய்து, 52 கிலோ பிளாஸ்டிக்கைக் கல்லூரி வைத்தியர்கள் வெளியே எடுத்தனர். இப்படிப்பட்ட சிகிச்சையைக் கிராமக் கொட்டிலில் செய்ய இயலாது. தம்மால் ஆகக்கூடியது இது, ஆகாதது இது என்று பிரித்தறிந்து, காலம் கடக்குமுன் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பிவைப்பவரே உள்ளூர் வைத்தியர்களுள் சிறந்தவர். “நான்கு நாள் ஊசி போட்டுப் பார்ப்போம்” என்று சொல்லிக்கொண்டே இருப்பவரிடம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

தாம்பரத்திலிருந்து வேப்பேரி ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையின் நெருக்கத்தில் மாட்டை ஏற்றிய வண்டி அதைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்பதை அவ்வழி போவோர் அறிவர். ஆகையால், எந்த வண்டியை அழைப்பது, மாட்டை ஏற்ற எவர் உதவுவர் என்பனவற்றையும் நோயில்லாத நாளிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குப் பரவும் நோயும் ஊர் அதிகாரியும்

ஒரு மாட்டைப் பற்றிய நோயில் எந்தப் பதிவு பெற்ற வைத்தியரை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் உடையவருக்கு உண்டு. ஆனால் தொத்து வியாதியில் அச்சுதந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. கோமாரி, அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், தோல் கழலை, வெறிநோய் முதலியவை ஒரு வீட்டின் விஷயமல்ல, ஊரின் விஷயம். இவற்றில் சந்தேகம் தோன்றிய உடனே அரசாங்கக் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிப்பதே முறை. 2009-ஆம் ஆண்டின் பிராணிகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், நோய் கண்ட பிராணியைப் பிரித்துக் கட்டுவதையும், கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிப்பதையும் உடையவரின் கடமையாக விதித்திருக்கிறது. நோய் கிளம்பியதை அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு அறிவிப்பதில் கிராம அதிகாரிக்கும் பங்கு வகுத்திருக்கிறது. மாட்டைச் சந்தையில் தள்ளிவிடலாம் என்ற எண்ணத்தால் நோயை மறைப்பவர் தம் அயலாரின் கொட்டிலுக்கு நெருப்பு வைப்பவருக்கு ஒப்பாவர்.

இவ்வித ஒற்றுமையால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு வெக்கை நோயே சாட்சி. கிராமம் கிராமமாக மாடுகளை வாரிக்கொண்டுபோன அந்நோயை ஆராய அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கை 1871-இல் வெளிவந்தது. 1932-இல் இராணிப்பேட்டையில் சீரம் நிலையம் ஏற்பட்டு, இம்மாகாணத்துக் கால்நடைகளுக்குத் தடுப்பு மருந்து தயாரிக்கலாயிற்று. தலைமுறை தலைமுறையாக ஊசி போட்டும், நோய் கண்ட இடத்தைத் தவறாமல் தெரிவித்தும் வந்ததன் பயனாக 2006-இல் இந்தியாவும், 2011-இல் உலகம் முழுவதும் அந்நோயினின்று விடுதலை பெற்றதாக அறிவிக்கப்பட்டன. இது தனியொரு வைத்தியரின் சாமர்த்தியத்தால் ஆனதன்று. மருந்தகமும் குடியானவரும் கிராம அதிகாரியும் ஒருவரையொருவர் நம்பியதால் ஆனது. 2019-இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் கீழ்க் கோமாரிக்கு வருஷம் இருமுறையும், கன்று வீச்சு நோய்க்கு நாலு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு ஒரு முறையும் ஊசி போடப்படுகிறது. தனியார் வைத்தியரை வைத்துக்கொண்டிருப்போரும் இதை விட்டுவிடலாகாது.

அடைப்பானைக் குறித்து ஒரு வார்த்தை. திடீரென இறந்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருநிற இரத்தம் கண்டால், அதன் தோலை உரிப்பதும் உடலை அறுப்பதும் மனிதருக்கே ஆபத்து. உடலைத் திறவாமல் வைத்தியருக்குத் தெரிவித்து, அவர் சொற்படி ஆறடி ஆழக் குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

நாயும் குதிரையும்

நாய்க்கு வைத்தியரைத் தேர்வோர், சிங்காரமான கட்டடத்தைக் காட்டிலும் தடுப்பூசிக் குறிப்புப் புத்தகம் ஒழுங்காக வைக்கப்படுகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். மனிதருக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயினாலேயே வருகிறது. நோய்க்குறி கண்டபின் பிழைப்பது அரிது. மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசியும், பின்னர் வைத்தியர் சொல்லும் தவணைகளும் தவறலாகாது. கடிபட்ட மனிதர் காயத்தைச் சோப்பு நீரால் கால் மணி நேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். நாய் கடித்த பசுவும் வெறிநோய் கொள்ளும். எச்சில் ஒழுக விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டின் தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறதென்று எண்ணி வெறுங்கையை விட்டுப் பார்ப்பது உயிருக்கே அபாயம்.

இத்தேசத்தில் நவீன மிருகவைத்தியம் தொடக்கத்தில் பெரும்பாலும் பட்டாளக் குதிரைகளின் பொருட்டே வளர்ந்தது. இன்றோ குதிரையைப் பார்க்கும் வைத்தியர் அரியர். குதிரையால் வாந்தியெடுக்க முடியாதாகையால் அதன் வயிற்று வலி மிகவும் அபாயகரமானது. கல்யாண ஊர்வலத்துக்கும் சவாரிக்கும் குதிரை வைத்திருப்போர், எந்த வைத்தியருக்குக் குதிரைப் பழக்கம் உண்டென்பதைக் குதிரை வாங்குமுன்னரே விசாரிக்கக் கடவர். மனிதருக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ் நோய்க்குக் குதிரைகளைச் சோதிப்பதிலும் அலட்சியம் கூடாது.

செய்யத்தக்கவை

வைத்தியரை அமர்த்துமுன் ஒவ்வொருவரும் விசாரித்துக்கொள்ள வேண்டியவை பின்வருமாறு:

(1) அவர் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா?

(2) தாம் வளர்க்கும் பிராணியைப் பார்ப்பதில் அவருக்கு நித்திய பழக்கம் உண்டா?

(3) கொட்டிலுக்கு வருவாரா? இரவில் வருவாரா? வராவிடில் தமக்குப் பதிலாக எவரைச் சொல்வார்?

(4) மருந்தின் பெயரையும் அளவையும் சீட்டில் எழுதுவாரா?

(5) வருகைக்கும் பிரசவ உதவிக்கும் கட்டணம் என்ன என்பதை முன்கூட்டியே சொல்வாரா?

(6) தம்மால் ஆகாததைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பத் தயங்காதவரா?

பணச் செலவைப் பற்றிய ஆட்சேபத்துக்கு வழியில்லாமலில்லை. ஒருவர் தனியே அழைத்தால் அதிகமாகத் தோன்றும் கட்டணம், பத்துப் பதினைந்து மாட்டுக்காரர் ஒன்றுசேர்ந்து மாதம் ஒரு நாள் அழைத்தால் பாரமாக இராது. அந்த ஒரு நாளில் சினை பார்த்தல், மடி பார்த்தல், குடற்புழு மருந்து கொடுத்தல் யாவும் முடியும். மாதந்தோறும் வந்து பழகிய வைத்தியர் அவசர காலத்திலும் அழைப்புக்கு இணங்குவார். பால் கூட்டுறவுச் சங்கம் உள்ள ஊர்களில் சங்கமே இதை நடத்தலாம். காட்டாங்குளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. தீவனம், கொட்டில் முறை ஆகியவற்றில் அங்கே யோசனை கேட்பதால் வைத்தியச் செலவே பாதியாகக் குறையலாம்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கதும் சிறிதே. அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தின் இடமும் நேரமும், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்குரிய 1962 என்னும் தொலைபேசி எண்ணும், அவ்வூர்தி எந்த நேரங்களில் வரும் என்பதும், பதிவு பெற்ற தனியார் வைத்தியர்களின் பெயர்களும் ஒரு பலகையில் எழுதப்பட்டு, பால் சேகரிக்கும் இடத்தில் தொங்கவிடப்படுமானால், நடுநிசியில் தெருத்தெருவாக விசாரிக்கும் அவஸ்தை ஒழியும்.

கிணற்றை வெட்டுவது தாகம் எடுத்த பின்னரன்று. கொட்டிலில் மாடுகள் சுகமாக அசைபோட்டுக்கொண்டிருக்கும் இத்தினங்களே வைத்தியரைத் தேர்ந்துகொள்ளத் தக்க காலம். அவரை ஒரு முறை அழைத்து, மாடுகளைக் காட்டி, வீட்டு வழியையும் தெரிவித்து வைத்தால், ஆபத்து நேரும் இரவில் அவர் முன்பின் அறியாத கொட்டிலுக்கு வருபவராக இரார். அவ்வாறு செய்துகொண்ட குடும்பத்தில் ஒரு பசு பிழைத்தாலும், அந்த ஒரு நாள் முயற்சிக்குப் பன்மடங்கு பலன் கிடைத்ததாகும்.